ஊரகப் புதுச்சேரியில் நூலகரும் இணையவழிக் கற்றல் துணையும்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஊரகம் ஒரே துண்டான நிலப்பரப்பு அன்று. வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, பாகூர் முதலிய கொம்யூன்களின் சிற்றூர்கள் தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களோடு பின்னிக் கிடக்கின்றன. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஊர் ஊராகப் பிரித்துக்கொண்ட எல்லையே இன்றைய எல்லை. சங்கராபரணி ஆற்றங்கரைச் சிற்றூரான செல்லிப்பட்டைப் போன்ற ஊர்களில் நிலமும் பேச்சும் உறவுமுறையும் எல்லைக்கு இருபுறமும் ஒன்றுதான். மாணவர் கையிலிருக்கும் பாடநூல் மட்டும் இப்போது வேறு. இந்த வேறுபாடு நூலகரின் வேலையில் ஒரு புதிய பகுதியை உண்டாக்கியுள்ளது. இணையத்தில் கிடைப்பவற்றுள் எந்த மாணவருக்கு எது பயன்படும் என்று தேடி, சரிபார்த்து, அவர் கையில் சேர்ப்பதே அப்பகுதி.

கற்பவருக்கு ஊர் செய்த ஏற்பாடு

இப்பகுதியில் கற்றலுக்குப் பொதுச்செலவில் துணை செய்யும் வழக்கம் பழையது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள், 9ஆம் நூற்றாண்டில் பாகூரில் இருந்த வித்தியாத்தானம் என்னும் கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. திருபுவனை வரதராசப் பெருமாள் கோயிலில் உள்ள, முதலாம் இராசாதிராசன் காலத்து 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்னும் விரிவானது. 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட ஒரு கல்லூரியை அது குறிப்பிடுகிறது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் நெல் வழங்க நிலம் ஒதுக்கப்பட்டது. கற்பிப்போரும் கற்போரும் ஊர்ச்சபை வாரியங்களில் பணியாற்றுவதிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர்.

இக்கல்வெட்டைப் பெருமைக்காக எடுத்துக்காட்டுவோர் பலர். அங்கே கற்பிக்கப்பட்டவை வேதங்களும் வடமொழி இலக்கணமும் அவற்றைச் சார்ந்த நூல்களுமே. நெல் விளைவித்த குடிகளின் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரியில் இடம் இருக்கவில்லை. ஆயினும் கல்வெட்டு ஒரு செய்தியைத் தெளிவாகப் பதிந்துள்ளது. படிப்பதற்கு நூல் இருந்தால் போதும் என்று அக்காலத்தவர் எண்ணவில்லை. கற்பிப்பவரின் உணவு, கற்பவரின் உணவு, அவர்களின் நேரம் ஆகியவற்றுக்கும் கணக்குப் பார்த்துச் செலவு ஒதுக்கினர். பிற்காலக் கல்வித் திட்டங்கள் பலவற்றில் விடுபட்டுப்போனது இந்தக் கணக்குத்தான்.

நகரத்தின் நூலகமும் எல்லைக்கு வெளியே ஒரு சட்டமும்

புதுச்சேரியின் தற்காலப் பொது நூலகம் 1827இல் பிரெஞ்சு ஆளுநர் தெபாசின் தெ ரிஷ்மோன் காலத்தில் தொடங்கப்பட்டது. 1966இல் பிரெஞ்சு எழுத்தாளர் ரொமன் ரொலானின் நூற்றாண்டையொட்டி அவர் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. இந்தியாவின் பழைய பொது நூலகங்களுள் இது ஒன்று. எனினும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது நகரத்தின் நூலகமாகவே இருந்தது. பிரெஞ்சு நூல்களால் ஊரகத்து உழவர் வீட்டுப் பிள்ளைக்கு விளைந்த பயன் மிகக் குறைவு.

எல்லைக்கு அப்பால் நிலைமை வேறாக வளர்ந்தது. சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். சில நாட்களிலேயே ஆளரவமற்ற அந்த வேலை அவருக்குச் சலித்துவிட, மீண்டும் வகுப்பறைக்கே அனுப்புமாறு கேட்டுக்கொண்டார். இலண்டன் சென்று நூலகவியல் பயின்ற பின்னரே அவர் மனம் மாறியது. 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். அவற்றுள் நான்காவது, வாசகரின் நேரம் வீணாகாமல் காப்பதைப் பற்றியது. அதே 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் ஒன்று சிற்றூர்களுக்குப் புறப்பட்டது. அதைத் தொடங்கிவைத்தவர் அரங்கநாதன். அவருடைய நீண்ட முயற்சியின் பயனாக 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டு வரியோடு நூலக வரியும் தண்டி, அதைக்கொண்டு ஊர்தோறும் நூலகம் நடத்த அச்சட்டம் வழி செய்தது.

1948இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அச்சட்டம் இங்கு எட்டவில்லை. ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவிடம் வந்தது. அதன்பின் ஊரக நூலகங்கள் அரசின் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் வளர்ந்தன. ஓர் ஊரின் வரியில் அந்த ஊரின் நூலகம் என்ற முறைக்கு மாறாக, துறையின் ஒதுக்கீட்டில் இயங்கும் கிளை நூலகம் என்ற முறை இங்கு அமைந்தது. நாளிதழ், வார இதழ், போட்டித் தேர்வு வழிகாட்டி, கதைநூல் ஆகியவையே பெரும்பாலான ஊரக நூலகங்களின் புழக்கத்தில் முன்னிற்பவை. பாடம் சார்ந்த ஐயத்தோடு வரும் மாணவருக்கு அலமாரியில் விடை கிடைப்பது அரிது. இணையம் நுழைந்தது இந்த வெற்றிடத்தில்தான்.

நூலகர் வலைக்கருவிகளைக் கற்ற காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தமிழ் நூல்கள் வலையேறுவதற்கு நெடுங்காலம் ஆகவில்லை. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வெளியிட்டனர். 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படுகிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இலும், ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் திட்டம் 2005இலும் தோன்றின.

இவற்றைத் தொடங்கியோரில் பலர் அறிவியலாளர்கள், பொறியாளர்கள், மாணவர்கள். நூலகர்கள் பின்னால் வந்தனர். உலகெங்கும் நடந்ததும் இதுவே. நூலகத்துக்கு வெளியே வலை வேகமாக வளர்ந்துவிட, அதை எப்படிக் கற்பது என்பதே நூலகரின் முதற்சிக்கலாயிற்று.

அதற்கு எளிய விடை ஒன்று 2006இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து வந்தது. சார்லட் மெக்லன்பர்க் பொது நூலகத்தில் பணியாற்றிய எலன் புளோவர்சு, சக பணியாளர்களுக்காக 23 சிறு செயல்களைக் கொண்ட ஒரு பயிற்சியை வகுத்தார். வலைப்பதிவு தொடங்குதல், செய்தியோடையைப் பின்தொடர்தல், படங்களைப் பகிர்தல், விக்கியில் எழுதுதல், பக்கங்களுக்குக் குறிச்சொல் இடுதல் என ஒவ்வொன்றும் கொஞ்ச நேரத்தில் செய்து பார்க்கக்கூடியது. வகுப்பும் தேர்வும் கிடையாது. செய்து பார்த்ததைத் தம் வலைப்பதிவில் எழுதினால் போதும். யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு வெளியிடப்பட்டதால் இப்பயிற்சி பல நாட்டு நூலகங்களுக்குப் பரவியது. விளையாடிப் பார்க்கப் பணிநேரத்தில் இடம் கொடுத்ததே இதன் வெற்றிக்குக் காரணம் எனலாம். அந்த இடம் இல்லாத அலுவலகத்தில் எந்தக் கருவியும் சுவரில் மாட்டிய சுற்றறிக்கையோடு நின்றுவிடும்.

தமிழ்ச் சூழலில் இப்பணியைப் பெரிதும் தன்னார்வப் பயிலரங்குகளே செய்தன. புதுச்சேரியில் பணியாற்றும் தமிழ்ப் பேராசிரியர் மு. இளங்கோவன் கல்லூரிகளில் தமிழ் இணையப் பயிலரங்குகளை நடத்தியவர். இணையம் கற்போம் என்னும் நூலையும் எழுதினார். தமிழ்த் தட்டச்சு, வலைப்பதிவு, மின்னூலகம் ஆகியவை தமிழ் மாணவர்களுக்கு இத்தகைய பயிலரங்குகள் வழியாக அறிமுகமாயின. 2014 செப்டம்பரில் உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது.

நூலகத்துக்குள் பயன்படும் மென்பொருள்களும் இதே காலத்தில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கின. நியூசிலாந்தின் ஒரு சிறிய ஊரக நூலகக் குழுமத்துக்காக உருவாகி, 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த கோஹா, இன்று இந்தியக் கல்லூரி நூலகங்கள் பலவற்றின் பட்டியலையும் இரவல் கணக்கையும் நடத்துகிறது. கோஹா என்பது மாவோரி மொழியில் கொடையைக் குறிக்கும் சொல். பாடங்களை இணையவழி நடத்தப் பயன்படும் மூடில் 2002இல் ஆத்திரேலியாவில் வெளிவந்தது.

தேடினால் கிடைக்காத தமிழ்

கருவிகள் வந்தபின்னும் தமிழ் மாணவருக்குத் தேடல் எளிதாகவில்லை. அதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. மூன்றையும் தெரிந்துவைத்திருப்பது நூலகரின் தொழிலறிவாயிற்று.

எழுத்துக் குறியாக்கம் முதலில் எதிர்ப்பட்ட தடை. 2000களின் நடுப்பகுதி வரை தமிழ் இணையதளங்கள் தத்தம் எழுத்துருவைப் பயன்படுத்தின. உரிய எழுத்துரு கணினியில் இல்லையென்றால் திரையில் தெரிவது பொருளற்ற குறிகளே. திஸ்கி போன்ற பொதுக் குறியாக்கங்கள் ஓரளவு உதவின. ஒருங்குறி பரவிய பிறகே ஒரே தேடலில் பல தளங்களைத் துழாவ முடிந்தது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தன் பயன்பாட்டுக்கு ஏற்றது.

அடுத்தது, வருடிய படம். மின்னூலகங்களில் உள்ள பழைய தமிழ் நூல்களில் மிகப் பல, பக்கங்களின் ஒளிப்படங்களே. கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவது தேடுபொறிக்கு வெறும் கோடு. நூலின் உள்ளே இருக்கும் ஒரு சொல்லைத் தேடினால் அந்நூல் அகப்படாது. எழுத்துணரி மென்பொருள்கள் தமிழை ஓரளவு நன்றாகப் படிக்கத் தொடங்கியபின் இந்நிலை மாறிவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டன. த. சீனிவாசன் உருவாக்கிய நிரல் அவற்றின் பக்கங்களைக் கூகுள் எழுத்துணரிக்கு அனுப்பி உரையாக மாற்றியது. பிழைகளைத் திருத்தும் வேலை இன்னும் மனிதர் கையில்தான் இருக்கிறது. பழைய எண்ணிம நூலகங்களின் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில், பதிந்தவர் காதுக்கு எட்டியபடி எழுதப்பட்டிருப்பது இதோடு சேர்ந்த தொல்லை. ழகரமும் ளகரமும் ஒரே எழுத்தால் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு நூலுக்கு நான்கு எழுத்துக்கூட்டல்களை முயன்று பார்க்காமல், அந்நூல் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாவது கலைச்சொல். இதில் மாணவர் ஏமாறுவது அதிகம், ஏனென்றால் தேடலுக்கு விடை கிடைத்துவிடும். இலங்கை அரசின் பாடநூல்கள் தமிழில் இணையத்தில் இருக்கின்றன, தரமானவை. ஆனால் தமிழ்நாட்டில் ஒளிச்சேர்க்கை எனப்படுவது அங்கே ஒளித்தொகுப்பு. இயற்பியல் அங்கே பௌதிகவியல், வேதியியல் அங்கே இரசாயனவியல். இரண்டும் ஒன்றே என்று சொல்ல ஆள் இல்லாத மாணவர், நல்ல பக்கத்தைத் தவறான பக்கம் என்று மூடிவிடுவார். சொற்களை இணைத்துக் காட்டும் இரண்டு பக்கத் தாள் ஒன்று நூலகத்தில் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். அரங்கநாதன் வலியுறுத்திய உசாத்துணைப் பணி, அதாவது கேள்வியோடு வரும் வாசகருக்கும் நூலுக்கும் நடுவே நூலகர் நின்று உதவும் பணி, இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. புதிதாக வரும் வாசகருக்கு நூலகத்தைப் பயன்படுத்தக் கற்றுத்தருவதையும் அவர் அப்பணியில் சேர்த்திருந்தார்.

பாடத்திட்ட மாற்றமும் புதிய தேவையும்

புதுச்சேரிக்குத் தனிப் பாடத்திட்டம் இல்லை. புதுச்சேரி, காரைக்கால் பகுதிப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகே கேரளத்தினுடையதையும், ஏனாம் ஆந்திரத்தினுடையதையும் பின்பற்றின. இதனால் தமிழ்நாடு அரசு இணையத்தில் செய்த ஒவ்வொன்றும் புதுச்சேரி மாணவருக்கும் செலவின்றிக் கிடைத்தது. 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் காணொலிக்கு இட்டுச்செல்லும் கியூ.ஆர். குறியீடுகள் இருந்தன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டில் ஒரே ஒரு கைபேசி, அதுவும் வேலைக்குப் போகும் தந்தையின் சட்டைப்பையில் இருந்த குடும்பங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் பெருந்துணை. எல்லைக்கு இருபுறமும் ஒரே பாடம் என்பதால் அது புதுச்சேரி ஊரகத்துக்கும் பொருந்தியது.

2023-24 கல்வியாண்டு முதல் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. மாற்றம் நல்லதா என்ற வழக்கு அரசியலில் நடக்கிறது. நூலகருக்கு அதன் விளைவு நேரடியானது: இணையத்தில் தமிழில் குவிந்திருந்த பாடத்துணைகள் ஒரே ஆண்டில் பாதி பொருந்தாதவையாகிவிட்டன. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமத்தின் பாடநூல்களை அதன் தளத்திலிருந்து விலையின்றிப் பதிவிறக்கலாம். அவை முதன்மையாக ஆங்கிலம், இந்தி, உருது மொழிகளில் உள்ளன. தமிழ்வழியில் படித்து ஏழாம், எட்டாம் வகுப்பில் ஆங்கிலப் பாடநூலை முதன்முறையாகத் திறந்த பிள்ளைக்கு வீட்டிலும் துணை இல்லை. தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டும் குடும்பங்கள் சமாளித்துக்கொள்கின்றன. மற்றவர்களுக்குப் பள்ளிக்கு வெளியே எஞ்சியிருக்கும் பொது இடம் நூலகமே.

இங்கே பழைய தமிழ்நாட்டுப் பாடநூல்கள் புதிய பயன் பெறுகின்றன. விசை, அமிலம், உயிரணு, பின்னம் ஆகியவை எந்த வாரியத்திலும் அவையேதான். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் கோப்பில் அக்கருத்தைத் தமிழில் புரிந்துகொண்டு, பின்னர் ஆங்கில நூலின் அதே இயலைப் படித்தால், மனப்பாடத்தின் சுமை குறைகிறது. எந்த வகுப்பின் எந்த இயல் மற்றதன் எந்த இயலுக்கு நேரானது என்ற இணைப்புப் பட்டியலைத் தயாரிப்பது கடினமான வேலை அன்று, பொறுமையான வேலை. இரு நூல்களையும் முன்னே விரித்துவைத்து, அறிவியல் ஆசிரியர் ஒருவரோடு அமர்ந்து செய்தால் ஒரு பாடத்துக்குச் சில மாலைகள் போதும். விக்சனரியும் தமிழ்நாடு அரசின் சொற்குவைத் தளமும் சொற்களுக்கு உதவும். முடிந்த பட்டியலை அச்சிட்டு மேசையில் வைக்கலாம், பெற்றோரின் வாட்சப் குழுவிலும் இடலாம்.

ஆடம்பரமான செயலி ஒன்றை நூலகத்தில் அறிமுகப்படுத்துவதைவிட இத்தகைய பட்டியலால் கிடைக்கும் பயன் கூடுதல். கணினி நான்கு வாங்கி, திறப்பு விழா நடத்தி, இணைப்புக் கட்டணம் கட்டாமல் பூட்டிவைத்த அறைகளை ஊரக இந்தியா நிறையக் கண்டிருக்கிறது. திருபுவனைக் கல்வெட்டு எழுதியோர் நெல்லைக் கணக்கிட்டது போல, இங்கே மாதக் கட்டணத்தையும் நூலகரின் நேரத்தையும் கணக்கில் எழுத வேண்டியிருக்கிறது.

கல்லூரிக்கும் ஊருக்கும் இடையே

உயர்கல்வியில் இந்தியாவின் எண்ணிம ஏற்பாடுகள் வலுவானவை. குசராத்தின் காந்திநகரில் உள்ள இன்பிலிப்னெட் மையம் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சோத்கங்கா களஞ்சியத்தில் திரட்டுகிறது. என்-லிஸ்ட் திட்டத்தால் கல்லூரி மாணவர் வீட்டிலிருந்தே மின்னூல்களையும் ஆய்விதழ்களையும் படிக்க முடிந்தது. சுவயம் தளம் 2017இலும், கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய தேசிய எண்ணிம நூலகம் 2018இலும் நாட்டுக்கு அளிக்கப்பட்டன. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஒரே நாடு ஒரே சந்தா திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் சுமார் 13,000 ஆய்விதழ்களை 6,300 அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. புதுச்சேரி நகரிலேயே உலகப் புகழ்பெற்ற ஒரு களஞ்சியமும் இருக்கிறது. பிரெஞ்சு நிறுவனத்தின் சைவ ஓலைச்சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. அதன் சுவடிகள் எண்ணிம வடிவம் பெற்றன. ஆய்வாளருக்கு அது பெரும் கொடை.

இவற்றுள் சுவயம், தேசிய எண்ணிம நூலகம், சோத்கங்கா ஆகியவை எவருக்கும் திறந்தவை. ஆய்விதழ்ச் சந்தாக்கள் நிறுவனத்தைச் சார்ந்தவை. கல்லூரியில் சேரும் நாளில் திறக்கும் கதவு, பட்டம் பெற்று வெளியேறும் நாளில் மூடிக்கொள்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பட்டதாரிக்கும், கல்லூரிக்கே போகாதவருக்கும், பன்னிரண்டாம் வகுப்பு மாணவிக்கும் அது கிடைப்பதில்லை. ஊரகக் கிளை நூலகர் இவர்களுக்குத் திறந்தவற்றையே தேடித் தர வேண்டும். கட்டணச் சுவருக்கு முன் நிற்கும் மாணவரிடம், அதே கட்டுரையின் இலவசப் படி ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இருக்கக்கூடும் என்று சொல்வதும் அவருடைய தொழிலே.

திறந்தவையும் நிலையானவை அல்ல. அரசுத் தளங்கள் முகவரி மாறும்போது பழைய இணைப்புகள் செயலிழக்கின்றன, காணொலிகள் நீக்கப்படுகின்றன, பாடநூலின் புதிய பதிப்பில் இயல்கள் இடம் மாறுகின்றன. 2020இல் தயாரிக்கப்பட்ட ஓர் இணைப்புப் பட்டியலை இன்று திறந்தால், பிழைச் செய்தி மட்டும் காட்டும் முகவரிகள் அதில் சில இருக்கும். ஆகவே பட்டியலின் தலைப்பில், கடைசியாகச் சரிபார்த்த நாளை எழுதிவைப்பது நூலகர்களிடையே வழக்கமாகிவருகிறது. கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒவ்வோர் இணைப்பையும் ஒருமுறை அழுத்திப் பார்த்து, இறந்ததை நீக்கி, மாற்றைத் தேடிச் சேர்த்து, அந்த நாளைத் திருத்தி எழுத வேண்டும்.